விழாமேடையும் பெரும்பெயரும்

இசைவிழா நடத்த முற்படுவோர் முன்னால் எக்காலத்தும் வந்து நிற்கும் வினா ஒன்றுண்டு. உலகெங்கும் பெயர்பெற்ற பெருங்குழு ஒன்றை அழைத்து, விழாவின் தலைமை நிகழ்ச்சியை அதனிடம் ஒப்படைப்பதா? அன்றி, விழா எந்த இசைக்காகத் தொடங்கப்பெற்றதோ அந்த இசையை வளர்ப்போர்க்கே அவ்விடத்தை வைத்திருப்பதா? பெருங்குழு வந்தால் மக்கள் திரளுவர். செலவுக்குப் பணம் கிடைக்கும். வாராதொழியின் விழாவின் தனித்தன்மை நிலைக்கும். ஆனால் இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கவுங் கூடும். இவ்வினாவைத் தத்தம் விருப்பு வெறுப்புக்களைக் கொண்டே தீர்த்துவிடுவோர் பலர். வரலாறு இதற்கு என்ன விடை தருகின்றது என்பதை நோக்குவதே இப்பேச்சின் கருத்தாகும். அதற்கு, அமெரிக்க நாட்டின் நியூபோர்ட் நகரிலே 1969ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

நியூபோர்ட், றோட் ஐலண்ட் மாநிலத்தில் அத்திலாந்திக் கடலோரமாக அமைந்த சிறிய நகரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே நாட்டின் பெருஞ்செல்வர்கள் அங்கே கோடைகால மாளிகைகளை எழுப்பினர். அத்தகைய நகரிலே 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாவது ஜாஸ் விழா நடைபெற்றது. எலேன் லொறிலார்ட் என்னும் சீமாட்டியும் அவர் கணவர் லூயிசும் அதற்குத் துணைநின்றனர். விழாவை அமைத்து நடத்தியவர், பொஸ்டன் நகரில் இசைவிடுதி ஒன்றை நடத்திவந்த பியானோக் கலைஞர் ஜோர்ஜ் வெய்ன். பில்லி ஹொலிடே, எல்லா பிட்ஸ்ஜெரல்ட், டிசி கில்லெஸ்பி முதலியோர் அவ்வாண்டு மேடையேறினர். கறுப்பின மக்களின் உள்ளத்திலே பிறந்து, இரவு விடுதிகளின் புகைநடுவே வளர்ந்த ஓர் இசை, செல்வர்களின் புற்றரையிலே திறந்த வானத்தின்கீழ் மதிப்போடு கேட்கப்பட்டது. இவ்விழாவின் பெருமை இதிலேயே தங்கியிருந்தது.

அப்பெருமை விரைவில் நாடெங்கும் பரவிற்று. 1956ஆம் ஆண்டு டியூக் எலிங்டன் தம் வாத்தியக் குழுவுடன் வந்தார். அவர் புகழ் மங்கிவிட்டதென்று பலர் எண்ணியிருந்த காலம் அது. குழுவிலிருந்த சக்சபோன் கலைஞர் போல் கொன்சால்வெஸ், ஒரே உருப்படியினிடையே 27 சுற்றுக்கள் இடைவிடாது வாசித்தார். அவையோர் எழுந்து ஆடத் தொடங்கினர். ஆரவாரம் எல்லை கடந்துவிடுமோ என்று வெய்ன் அஞ்சுமளவுக்கு நிலைமை சென்றது. ஆயினும் கேடெதுவும் விளையவில்லை. எலிங்டனின் புகழ் அவ்விரவிலே மறுபிறப்பெடுத்தது. கலைஞன் விழாவை உயர்த்தினான். விழா கலைஞனை உயர்த்தியது.

ஆனால் பெயர் பெருகப் பெருகக் கூட்டமும் பெருகியது. 1960ஆம் ஆண்டு ஜூலை விடுமுறையின்போது, உள்ளே நுழைய இடம் பெறாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தெருக்களிலே திரண்டு கலகம் விளைத்தனர். பொலிசார் கண்ணீர்ப்புகை பிரயோகித்தனர். தேசியக் காவற்படையும் வரவழைக்கப்பட்டது. விழாவின் எஞ்சிய பகுதியின் பெரும்பாகத்தை நகரசபை நிறுத்திவிட்டது. அவ்வாண்டிலேயே, சாள்ஸ் மிங்கஸ், மக்ஸ் றோச் ஆகிய ஜாஸ் கலைஞர்கள், விழா வணிகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதென்று குறைகூறி, அண்மையில் தனியே ஓர் எதிர்விழாவை நடத்தினர். கலகம் நடந்தவேளை அவ்விழாவிற் பெயர்பெற்ற றொக் குழு எதுவும் இருக்கவில்லை. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்குத் தேவை உண்டாகும்.

1962இல் விழா மீண்டும் தொடங்கியது. ஆயினும் அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே காற்றுத் திசைமாறியது. இளைஞர்கள் மின்கித்தாரின் பின்னே சென்றனர். வெய்ன் பங்குகொண்டு நடத்திய நாட்டார் இசைவிழாவில், 1965ஆம் ஆண்டு பொப் டிலன் மின்கித்தாருடன் தோன்றியபோது அவையோரிற் சிலர் கூச்சலிட்டு எதிர்த்தமை யாவரும் அறிந்தது. 1967இல் கலிபோர்னியாவின் மொன்ரரேயில் நடந்த விழா, றொக் இசைக்கு எத்துணைப் பெருங்கூட்டம் சேரும் என்பதைக் காட்டிவிட்டது. ஜாஸ் இசைத்தட்டுக்களோ முன்போல் விற்பனையாகவில்லை. இளந்தலைமுறையை இழந்த கலை எத்தனை நாள் வாழும் என்று வெய்ன் எண்ணியிருந்தால் அதிற் குற்றம் காண்பதற்கில்லை.

ஆகவே 1969ஆம் ஆண்டு விழாவிற்கு ஜாஸ் கலைஞர்களோடு றொக் குழுக்களையும் அவர் அழைத்தார். ஜூலை 3ஆந் தேதி தொடங்கி நான்கு நாட்கள் விழா நடைபெற்றது. ஜெப் பெக், ஜெத்ரோ டல், பிராங்க் சப்பாவின் குழு ஆகியோர் ஒருபுறம். மைல்ஸ் டேவிஸ், ஆர்ட் பிளேக்கி, டேவ் புரூபெக் ஆகியோர் மறுபுறம். இறுதி நாளாகிய ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு இங்கிலாந்துக் குழுவாகிய லெட் செப்பலின் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அக்குழு தோன்றி அப்போது ஓராண்டுகூட நிரம்பவில்லை. எனினும் அதன் முதல் இசைத்தட்டு அமெரிக்காவிற் பெருவெற்றி கண்டிருந்தது. அந்நூற்றாண்டின் மிகப் புகழ்வாய்ந்த றொக் குழுக்களுள் ஒன்றாக அது விரைவில் வளரவிருந்தது.

எதிர்பார்த்ததற்கு மேலாகவே கூட்டம் வந்தது. மைதானம் நிறைந்தபின் எஞ்சியோர், அதனை அடுத்திருந்த குன்றின் சரிவிலே ஆயிரக்கணக்கில் தங்கினர். சனிக்கிழமை இரவு ஸ்லை அன்ட் த பமிலி ஸ்டோன் என்னும் குழு வாசித்துக்கொண்டிருக்கையில், வெளியிலிருந்தோர் வேலியைச் சாய்த்து உட்புகுந்தனர். இருக்கைகள் ஒழுங்கிழந்தன, முன்வரிசையினர் நெருக்குண்டனர். ஜாஸ் கேட்க வந்த முதியோர் பலர் மனமுடைந்தனர்.

மறுநாட் காலையிலே வெய்னின் நிலை இரங்கத்தக்கது. நகர அதிகாரிகளின் நெருக்குதல் ஒருபுறம். இரவிலே வரவிருக்கும் கூட்டம் மறுபுறம். குழுவில் ஒருவருக்கு உடல்நலமில்லை என்றும், ஆதலால் லெட் செப்பலின் தோன்றாது என்றும் அவர் அறிவித்தார். அவ்வறிவித்தல் உண்மையன்று. கூட்டத்தைக் கலைந்துபோகச் செய்வதற்குக் கையாண்ட உபாயமே அது. குழுவினரோ சினங்கொண்டு, குறித்தபடி வந்து, அவ்விரவு வாசித்தனர். அவர்களைக் கேட்கவென்றே வந்து, அறிவித்தலை நம்பித் திரும்பிச் சென்றோரே ஏமாற்றப்பட்டோராவர். ஓர் அமைப்பாளனுக்குப் பொதுமக்கள்பால் உள்ள கடன்களில் முதலாவது உண்மை கூறுதல். அக்கடன் அன்று தவறிற்று.

1970ஆம் ஆண்டு விழாவில், முன்னாண்டு வந்தவை போன்ற பெரும் றொக் குழுக்களுக்கு இடமளிக்கப்படவில்லை. லூயி ஆம்ஸ்ட்றோங்கின் 70ஆம் ஆண்டு நிறைவைப் போற்றும் நிகழ்ச்சியே அவ்வாண்டின் சிறப்பாயிற்று. நோய் தீர்ந்தது என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் 1971 ஜூலையில், குன்றின் சரிவிலே தங்கியிருந்த கூட்டம் மீண்டும் வேலியை உடைத்தது. மேடையிலேறி வாத்தியங்களையும் சிதைத்தது. அவ்வேளை பாடிக்கொண்டிருந்தவர் மென்மையான இசைக்குப் பெயர்போன டியோன் வார்விக். விழா இடையிலே நின்றது. 1972இல் வெய்ன் அதனை நியூயோர்க் நகரின் மண்டபங்களுக்குக் கொண்டுசென்றார். நியூபோர்ட் தன் விழாவை இழந்தது.

ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடங்கொடுத்த கதை இது என்று இகழ்வோர் உளர். றொக் குழுக்களை அழைத்தமையே அழிவுக்கு வித்தென்பது அவர்கள் துணிபு. இக்கூற்று முற்றும் பொருந்துமா? 1960இல் நிகழ்ந்ததை முன்னரே கண்டோம். 1971இல் மேடையில் நின்றவரையும் கண்டோம். வேலியைச் சாய்த்தது ஓர் இசைவகையன்று. மைதானம் கொள்ளாத கூட்டத்தை அழைத்துவிட்டு, அதற்கு வேண்டிய இடத்தையும் காவலையும் ஆயத்தம் செய்யாமையே முதற்காரணம். 1969இல் பெரும்பெயர்கள் அக்குறையை மிகுவித்தன. அவையே அதனைத் தோற்றுவிக்கவில்லை.

அன்றியும், அவ்விழா நன்மை எதனையும் பயக்கவில்லை எனக் கூறுதலும் நேர்மையாகாது. அவ்வாண்டு நியூபோர்ட்டில் வாசித்த மைல்ஸ் டேவிஸ், ஆறு வாரங்களின் பின்னர், ஓகஸ்ட் 19ஆந் தேதி தொடங்கி மூன்று நாட்களில், 'பிச்சஸ் புரூ' என்னும் இசைத்தொகுதியைப் பதிவு செய்தார். மின்வாத்தியங்களையும் ஜாஸ் கற்பனையையும் இணைத்த அப்படைப்பு, அவ்விசையின் வரலாற்றிலே ஒரு திருப்புமுனை. அதனை ஒரு விழாவின் பயனாக மட்டும் கொள்ளுதல் மிகையாகும். எனினும் இருவகை இசையும் ஒரே மேடையிற் சந்திப்பது இயல்பேயென உணர்ந்த காலம் அது. வெய்னின் நோக்கிலே பிழையில்லை, ஆயத்தத்திலேதான் பிழை.

இதற்கு மறுபுறமான வரலாறொன்று இங்கிலாந்திலே உண்டு. அதனைத் தொடங்கி வைத்ததும் அதே லெட் செப்பலின் என்பது வியப்புக்குரியது. 1970 ஜூன் மாதம் பாத் விழாவில் அக்குழுவைக் கேட்ட மைக்கேல் ஈவிஸ் என்னும் பாற்பண்ணை விவசாயி, அவ்வாண்டு செப்டெம்பரிலே தம் பண்ணையில் சிறு விழாவொன்றை நடத்தினார். கட்டணம் ஒரு பவுண்; பண்ணைப் பால் இலவசம். அதுவே பின்னர் கிளாஸ்டன்பரி விழாவாகப் பெருகியது. அங்கும் 2000ஆம் ஆண்டு பெருங்கூட்டம் வேலிதாண்டிப் புகுந்தது. மறு ஆண்டு விழா நடத்தப்படவில்லை. 2002இல் உறுதியான வேலி அமைத்த பின்னரே தொடர்ந்தது. 2014இல் மெற்றாலிக்கா என்னும் புகழ்மிக்க குழு தலைமை நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, அக்கடுமையான இசை இவ்விழாவுக்கு ஒவ்வாதென்று எதிர்ப்பெழுந்தது. குழுத் தலைவரின் வேட்டைப் பழக்கத்தையும் பலர் கண்டித்தனர். ஆயினும் குழு வந்தது, விழா குலையவில்லை. காரணம் தெளிவானது. அங்கே பெருமேடை பல மேடைகளுள் ஒன்று. விழாவின் வருவாயில் ஒரு பகுதி அறப்பணிகளுக்குச் செல்கிறது. தலைமைக் குழு எதுவாயினும், விழா தன் இயல்பில் நிற்க வல்லதாயிருந்தது.

ஆதலின், பெரும்புகழ் பெற்ற றொக் குழு விழாவுக்குத் தலைமை தாங்கலாமா என்னும் வினாவுக்கு, தாங்கலாம் என்பதே எமது விடை. ஆனால் அழைப்பிதழ் அனுப்புமுன் அமைப்பாளர் தம்மைத் தாமே வினவ வேண்டியவை மூன்று. அக்குழு வாராவிடினும் எமது விழாவுக்கு ஒரு நோக்கம் உண்டா? வருங் கூட்டத்தை எமது நிலம் தாங்குமா? இடர் நேரின் மக்களுக்கு உண்மை சொல்லும் துணிவு எமக்குண்டா? 1969இல் நியூபோர்ட் முதல் வினாவுக்கு விடை வைத்திருந்தது. மற்றை இரண்டிற்கும் வைத்திருக்கவில்லை.

வெய்ன் அப்பாடத்தை மறக்கவில்லை. 1981இல் ஜாஸ் விழா மீண்டும் நியூபோர்ட்டுக்கு வந்தது. இம்முறை கடலோரத்து அடம்ஸ் கோட்டை வெளியிலே, நாளொன்றுக்குப் பதினாயிரம் பேர் அளவுக்குக் கூட்டத்தை வரையறுத்து நடத்தும் வழக்கம் அங்கு நிலைபெற்றது. ஜாஸ் அல்லாத இசைஞருக்கும் அங்கே கதவடைக்கப்படவில்லை. 2021ஆம் ஆண்டு, தமது 95ஆவது வயதில் வெய்ன் மறைந்தபோது, அவர் தொடக்கிய விழா அதே நகரிலே உயிரோடிருந்தது.