பலாக் கதவும் அஞ்சு கம்பியும்

கலசப்பாக்கத்துல தாத்தா வீட்டை இடிச்சப்போ நான் கேட்டு வாங்கினது ஒரே ஒரு பொருள், கொல்லைக் கதவு. நல்ல பலா மரம். "பெங்களூர்ல கதவை வச்சு என்னடா பண்ணப்போற?"ன்னார் அப்பா. எலெக்ட்ரிக் கிடார்னு சொன்னதும் அம்மா பக்கம் திரும்பி, "உன் புள்ளைய பாரு"ன்னுட்டார் :-)

சிரிக்காதீங்க மக்களே, இதுக்கு முன்னோடி உண்டு. 1963-ல லண்டன்ல பிரையன் மே-ங்கற பையன், கடை கிடார் வாங்கக் காசில்லாம அப்பாவோட சேர்ந்து தானே ஒண்ணு செய்ய ஆரம்பிச்சான். குளிர்காயும் அடுப்பைச் சுத்தியிருந்த பழைய மஹாகனிச் சட்டம் நெக் ஆச்சு. பழைய பாந்தர் பைக்கோட வால்வ் ஸ்ப்ரிங் ட்ரெமலோவுக்கு. அம்மாவோட சிப்பிப் பொத்தான்கள் நெக்குல புள்ளிகளுக்கு. குவீன் குழுவோட சத்தமே அந்த 'ரெட் ஸ்பெஷல்'தான். (மனுஷன் 2007-ல வானியற்பியல்ல டாக்டர் பட்டமும் வாங்கிட்டார். ஜவ்வாது மலைப் பக்கம் வந்தா காவலூர் தொலைநோக்கியைக் காட்டலாம்.)

ஆனா என்னைக் கதவு வரைக்கும் கொண்டுவந்தது அவர் இல்லை, அப்பாவோட கேசட்ல இருந்த மாண்டலின் ஸ்ரீனிவாஸ்.

ஆந்திராவுல பாலகொல்லுல 1969-ல பிறந்தவர். ஆறு வயசுல மாண்டலினை எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை வாசிக்கணும். சிக்கல் அங்கேதான். சாதாரண மாண்டலின்ல நாலு ஜோடியா எட்டுக் கம்பி. மீட்டினா 'டிங்'னு கேட்டு உடனே அடங்கிடும். நம்ம கமகத்துக்கோ ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு இழைஞ்சு போகணும். ஜோடிக் கம்பியை இழுத்தா ரெண்டும் ஒரே அளவு ஏறாது, அபஸ்வரம்தான்.

ஸ்ரீனிவாஸ் ஜோடியையே தூக்கிட்டார். ஒத்தைக் கம்பி, மொத்தம் அஞ்சு. எலெக்ட்ரிக் மாண்டலின். குடம் இல்லாத கெட்டிக் கட்டையில கம்பியோட அதிர்வு சீக்கிரம் கரையாது. கீழே இருக்கிற காந்தமும் காயிலும் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். (ஃபாரடே விதி. காலேஜ்ல மனப்பாடம் பண்ணேன், சால்டரிங் அயர்ன் பிடிச்சப்புறம்தான் புரிஞ்சது.) நாதம் நீளமா நின்னதால இழுத்து வாசிக்க இடம் கிடைச்சது.

1981-ல சென்னையில கச்சேரி பண்ணப்போ வயசு 12. இந்த வாத்தியத்துல கர்நாடக சங்கீதமான்னு முகம் சுளிச்சவங்களும் உண்டு. வயலினும் ஒரு காலத்துல கப்பல்ல வந்ததுதானே? 1983-ல பெர்லின் ஜாஸ் விழா, 1998-ல பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர்ல 45 வயசுலயே போயிட்டார். அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடலை.

என் கிடார்? நெக்கும் பிக்கப்பும் வாங்கினது, பாடி மட்டும் கதவு. நம்மூர் ஆசாரி அண்ணன் அழகா அறுத்துக் கொடுத்தார். நெக் உட்கார்ற குழியை நானே குடையறேன்னு எடுத்து, ரெண்டு மில்லிமீட்டர் கோணலாக்கிட்டேன். கடைசிக் கம்பி ஃப்ரெட்டை விட்டு வெளியே ஓடுச்சு. அதே கதவுல மிஞ்சின துண்டைச் சீவி, ஆப்பு வச்சு நேராக்கினது அண்ணன்தான்.

தாழ்ப்பாள் ஓட்டையை மட்டும் அடைக்கலை. போன பொங்கலுக்கு அப்பா அதுல விரலை விட்டுப் பார்த்தார்.

"தோடி வருதா?"

"இன்னும் இல்லப்பா."

"ஒரு கம்பியைக் கழட்டிப் பாரேன்"னார்.