மொசின் துவக்கும் அதன் முத்திரைகளும்

கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டை அழகுபடுத்த எண்ணி, ஒருவர் அதனைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் சுவர் மினுமினுக்கலாம், சாசனம் போய்விடும். பழைய ஏட்டைப் பதிப்பிப்பவர் தமக்கு விளங்காத பாடத்தைத் தம் மனம்போனவாறு திருத்திவிட்டால் நூல் எளிதாகலாம். ஆசிரியர் எழுதியது மறைந்துவிடும். இவ்வகைத் தவறு, பலரும் எதிர்பாராத வேறொரு பொருளிலும் நிகழ்ந்து வருகின்றது. அப்பொருள், சேனைகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட பழைய துவக்கு ஆகும்.

மேனாடுகளில் பழைய இராணுவத் துவக்குகளைச் சேகரித்துப் பழுது பார்ப்போர் பலர் உளர். அவர்கள் விரும்பிச் சேர்ப்பவற்றுள் ருஷ்ய நாட்டு மொசின்-நகான் துவக்கு முக்கியமான இடத்தை வகிக்கின்றது. அதன் சரித்திரத்தை ஆராய்ந்தால், ஓர் இரும்புக் கருவி எவ்வளவு பெரிய ஆவணமாகவும் விளங்கக்கூடும் என்பது புலனாகும்.

1877 ஆம் ஆண்டில் ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் இடையே யுத்தம் மூண்டது. பிளெவ்னா என்னுமிடத்தில் துருக்கியர், தோட்டாக்களை அடுத்தடுத்து வெடிக்கக்கூடிய துவக்குகளையும் கையாண்டு, முன்னேறி வந்த ருஷ்யப் படைக்குப் பெருஞ்சேதம் விளைத்தனர். ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவை மட்டுமே இட்டுச் சுடும் தமது துவக்கு இனிப் போதாதென்பதை ருஷ்யர் உணர்ந்தனர். செர்கெய் மொசின் என்ற ருஷ்ய இராணுவ அதிகாரியும், பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த லெயோன் நகான் என்பவரும் புதிய அமைப்புகளைச் சமர்ப்பித்தனர். நீண்ட பரிசோதனைகளின் பின், 1891 ஆம் ஆண்டில் மொசினின் அமைப்பு, நகானின் சில அம்சங்களும் சேர்க்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் எவருடைய பெயரும் அதற்குச் சூட்டப்படவில்லை. '1891 ஆம் ஆண்டின் மூன்று வரித் துவக்கு' என்பதே அதன் உத்தியோகபூர்வமான பெயர். வரி என்பது அங்குலத்தின் பத்திலொரு பங்கு. மூன்று வரி என்பது இக்கால அளவில் 7.62 மில்லிமீற்றர் ஆகும். மொசின் 1902 ஆம் ஆண்டில் காலமானார்.

இத்துவக்கு இயங்கும் முறை கதவுத் தாழ்ப்பாளை ஒத்தது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால், வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால், கீழுள்ள அறையிலிருந்து புதிய தோட்டா குழலினுட் புகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ் பூட்டிக்கொள்ளும். ஐந்து தோட்டாக்கள் வரை ஒருமுறையில் நிரப்பலாம். உறுப்புகள் சில, அவையும் தடிப்பானவை. குளிரிலும் சேற்றிலும் எளிதிற் பழுதுறாத அமைப்பு இது. இந்த எளிமையே அதற்கு நீண்ட ஆயுளை அளித்தது. நீண்ட ஆயுளே அதன்மீது பல நாட்டு முத்திரைகள் விழவும் காரணமாயிற்று.

முதல் முத்திரை பிறந்த இடத்தினது. ருஷ்யத் தொழிற்சாலைகள் அப்பொழுது ஆயத்தமாக இராமையால், ஐந்து இலட்சம் துவக்குகளைச் செய்யும் பணி பிரான்சின் ஷாட்டல்ரோ ஆயுதசாலையிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் தூலா, இஷெவ்ஸ்க், செஸ்ட்ரோரெட்ஸ்க் ஆகிய ருஷ்ய நகரங்களில் உற்பத்தி பெருகிற்று. குழலின்மீது தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் இலக்கமும் பொறிக்கப்பட்டன. ஸார் மன்னரின் இருதலைக் கழுகுச் சின்னமும் இடம் பெற்றது. புரட்சியின் பின் சில துவக்குகளில் அக்கழுகு அரத்தினாற் சுரண்டப்பட்டது. அந்த வெற்றிடமும் ஒரு செய்தியே; அரசு மாறியதை அது தெரிவிக்கின்றது.

முதலாம் உலக மகாயுத்தத்தில் ருஷ்யாவுக்குத் துவக்குகள் போதவில்லை. 1915 ஆம் ஆண்டில், கையில் ஆயுதமின்றிப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட வீரர்களும் இருந்தனர். ஆகவே அமெரிக்காவிலுள்ள ரெமிங்ரன், வெஸ்ரிங்ஹவுஸ் கம்பெனிகளிடம் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகளைச் செய்து தருமாறு ஸார் அரசாங்கம் கேட்டது. அவை முழுவதும் போய்ச் சேருமுன்பே 1917 ஆம் ஆண்டுப் புரட்சி நிகழ்ந்தது. எஞ்சியவற்றுட் பலவற்றை அமெரிக்க அரசாங்கமே வாங்கிக்கொண்டது. 1918 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைப்பிரிவொன்று வட ருஷ்யாவின் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டபோது, அவ்வீரர்கள் ஏந்திச் சென்றவை இத்துவக்குகளே. ருஷ்யருக்கென அமெரிக்கர் செய்த ஆயுதம், ருஷ்ய மண்ணில் ருஷ்யரை எதிர்த்து அமெரிக்கர் கையிலேயே இருந்தது.

அதே யுத்தத்தில் ஒஸ்ரிய-ஹங்கேரியப் படையினர் பெருந்தொகையான ருஷ்யத் துவக்குகளைக் கைப்பற்றினர். அவற்றைத் தம் ஆயுதசாலையிற் சீர்செய்து, ஏ, இஸட், எஃப் என்னும் மூன்று எழுத்துகளைப் பொறித்தனர். ஜெர்மனியரும் தாம் கைப்பற்றியவற்றில் தமது அரச முத்திரையை இட்டனர். இவ்வாறு சிறைப்பட்ட துவக்குகளிற் சில, யுத்தம் முடிந்தபின் வேறு நாடுகளுக்கு விலையாகி, இறுதியிற் பின்லாந்தைச் சேர்ந்தன.

பின்லாந்து 1917 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6 ஆந் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்த சிறிய நாடு. ருஷ்யக் காவற்படைகள் விட்டுச் சென்ற துவக்குகளே அதன் சேனைக்கு முதலாதாரம். பின்லாந்தினர் தேய்ந்த குழல்களைக் கழற்றிப் புதிய குழல்களைப் பொருத்தினர். பேர்ச்சு மரத்தினால் வலிய கட்டைகளைச் செய்தனர். ஆயினும் தாழ் ஓடும் இரும்புக் கூட்டை அவர்கள் தாமே வார்க்கவில்லை. பழைய ருஷ்யக் கூடுகளையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர்.

குறிகாட்டியிலும் ஒரு திருத்தம் செய்தனர். ஸார் காலத்து ருஷ்யர் தூரத்தை அர்ஷின் என்ற அளவினாற் கணித்தனர். ஓர் அர்ஷின் ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர். குறிகாட்டியை ஆயிரம் என்ற இலக்கத்தில் நிறுத்தினால், அது ஏறத்தாழ 711 மீற்றருக்கே பொருந்தும். அதனை ஆயிரம் மீற்றர் என்று கருதிச் சுடும் வீரனின் குண்டு இலக்கை எட்டாது வீழ்ந்துவிடும். எனவே பின்லாந்தினர் பழைய இலக்கங்களை மாற்றி, மீற்றர்க் கணக்கைப் பொறித்தனர். இன்றும் கூர்ந்து நோக்கினால், சில குறிகாட்டிகளில் இந்த மாற்றத்தின் தடத்தைக் காணலாம்.

1939 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30 ஆந் திகதி சோவியத் சேனை பின்லாந்தினுட் புகுந்தது. 1940 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13 ஆந் திகதிவரை நீடித்த அந்தக் குளிர்கால யுத்தத்தில், இரு திறத்தாரும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த துவக்கையே ஏந்திப் போரிட்டனர். தூலாவில் ஒரே பட்டறையில் உருவான இரு கூடுகள், பனி மூடிய காட்டின் இரு மருங்கிலும் ஒன்றையொன்று எதிர்நோக்கியிருத்தல் இயலக்கூடியதாயிற்று. 1942 ஆம் ஆண்டு முதல், பின்லாந்துச் சேனையின் உடைமையைக் குறிக்க எஸ், ஏ என்னும் இரண்டு எழுத்துகள் ஒரு சிறு கட்டத்தினுள் பொறிக்கப்பட்டன.

எதிர்ப்புறத்துத் துவக்குகளுக்கும் தனிச் சரித்திரம் உண்டு. 1941 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் படைகள் தூலா நகரை நெருங்கின. அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கிழக்கு நோக்கி அகற்றப்பட்டன. உற்பத்தியின் பெரும்பாரம் இஷெவ்ஸ்க் நகரின்மீது விழுந்தது. அந்நாளிற் செய்யப்பட்ட துவக்குகளின் மேற்புறம் கரடுமுரடானது. கடைசல் இயந்திரத்தின் கீறல்கள் வளையம் வளையமாக அப்படியே தெரியும். அவற்றைத் தேய்த்து அழகாக்குவதற்கு அப்பொழுது நேரமிருக்கவில்லை. பாவனைக்கு வேண்டிய உட்பகுதிகள் மட்டும் ஒழுங்காகச் செய்யப்பட்டு, துவக்கு போர்முனைக்கு அனுப்பப்பட்டது.

யுத்தம் முடிந்தபின், சோவியத் ஆயுதசாலைகள் இலட்சக்கணக்கான துவக்குகளைப் பிரித்துச் சுத்தம் செய்தன. உடைந்த மரத்துக்கு ஒட்டுப் போட்டு, அரக்குப் பூச்சுப் பூசினர். வேறொரு துவக்கின் தாழைப் பொருத்தினால், அதன் பழைய இலக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் புதிய இலக்கத்தை அருகே பொறித்தனர். கணக்கேட்டில் எழுத்தர் அடித்துத் திருத்தி எழுதுவதைப் போன்றது இது. பின்னர் கிறீஸில் தோய்த்துக் கடதாசி சுற்றி, மரப்பெட்டிகளில் அடுக்கிக் களஞ்சியங்களில் வைத்தனர். வேறொரு பெரும்போர் வருமென்று எண்ணிச் சேமித்தவை அவை. 1991 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், அப்பெட்டிகளுட் பல விற்பனைப் பொருளாகி அமெரிக்காவுக்குச் சென்றன.

அமெரிக்கச் சந்தையும் சில முத்திரைகளை இட்டது. 1950 ஆம் ஆண்டுகளிலும் 1960 ஆம் ஆண்டுகளிலும் ஐரோப்பியச் சேனைகள் கழித்த துவக்குகள் அங்கே மிக மலிவாக விற்கப்பட்டன. தபால் மூலமும் வாங்க முடிந்தது. 1963 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜனாதிபதி கென்னடியைச் சுட்டுக்கொல்லப் பயன்பட்டதும், தபால் மூலம் வாங்கப்பட்ட ஓர் இத்தாலிய இராணுவத் துவக்கே. தூரநோக்கியுடன் அதன் விளம்பர விலை 19 டொலர் 95 சதம். 1968 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தபால் விற்பனையையும் கழித்த இராணுவத் துவக்குகளின் இறக்குமதியையும் தடுத்தது. 1984 ஆம் ஆண்டில் பழம்பொருள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதன்பின் வந்தவற்றில் இறக்குமதி செய்தவரின் பெயர் பொறிக்கப்பட வேண்டியதாயிற்று. அந்தப் பெயர் காணப்படாத துவக்கு பெரும்பாலும் பழைய காலத்திலேயே வந்ததாகச் சேகரிப்போர் கருதுவர்.

மலிவாகக் கிடைத்த பொருளை மனிதர் மதிப்பதில்லை. அக்காலத்து வேட்டைக்காரர் பலர் நீண்ட மரக்கட்டையை அறுத்தனர், குழலைக் குறுக்கினர், முத்திரைகளைத் தேய்த்துப் புதிய கருநீலச் சாயம் ஏற்றினர். இலகுவான வேட்டைத் துவக்கு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அரை நூற்றாண்டு காலத்துப் பதிவு சில மணி நேரத்தில் அழிந்தது. அவ்வாறு அழிந்ததை எந்தச் சித்திர வேலைக்காரனாலும் மீட்க இயலாது. புதிதாகப் பொறித்தால் அது பொய்ச் சாசனமாகிவிடும்.

இதனை உணர்ந்த இக்காலப் பணியாளர்கள் வேறு முறையைக் கைக்கொள்ளுகின்றனர். முதலில் துவக்கினுள் தோட்டா இல்லையென்பதை உறுதி செய்வர். பின்பு மரத்தினின்று இரும்பைக் கழற்றி, ஒவ்வொரு முத்திரையையும் குறித்துக்கொள்வர். உறைந்த கிறீஸை மண்ணெண்ணெய் போன்ற திரவத்தாற் கரைப்பர். மரத்தில் அரத்தாள் இடுவதில்லை. பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை வைத்துச் சூடான இரும்பால் ஒற்றினால், நார்கள் நீரை உறிஞ்சிப் புடைத்துத் தாமே மேலெழும். இறுதியில் தேவையான அளவு ஆளிவிதை எண்ணெயை மட்டும் தேய்ப்பர்.

குழலின் உட்புறத்துக்கு வேறொரு கவனம் வேண்டும். பழைய இராணுவத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொற்றாசியங் குளோரேற்று இருந்தது. அது வெடித்தபின் பொற்றாசியங் குளோரைட்டு என்ற உப்பாகக் குழலினுட் படியும். அவ்வுப்புக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயில் அது கரையாது, வெந்நீரிற் கரையும். ஆகையால் முதலில் வெந்நீரும், நன்கு உலர்ந்தபின் எண்ணெயும் என்பது முறை. தாழ் சரியாகப் பூட்டுகின்றதா என்பதையும் தக்க அளவுக்கருவியாற் சோதிக்க வேண்டும். தாழ் மாற்றப்பட்ட துவக்கைச் சோதியாமற் சுடுவது, சுடுபவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவும் ஒரு கொலைக்கருவிக்கு ஏன் என்ற கேள்வி எழுதல் இயல்பே. அதற்கு விடை அந்தக் கரடுமுரடான கீறல்களிலேயே உண்டு. 1942 ஆம் ஆண்டின் இஷெவ்ஸ்க் துவக்கை மெருகேற்றி மண்டபத்தில் மாட்டினால், யுத்தம் அழகான ஒன்று என்ற எண்ணம் காண்போர் மனத்திற் படியக்கூடும். கீறல்களை விட்டுவைத்தால், எதிரி நெருங்கி வர இரவும் பகலும் இயந்திரத்தின் முன் நின்றவர்களின் அவசரம் தெரியும். ஒட்டுப்போட்ட மரம், அதனை முன்பு ஏந்தியவன் என்ன ஆனான் என்று கேட்க வைக்கும்.

துவக்கு முற்றாக ஓய்ந்துவிடவும் இல்லை. பின்லாந்துச் சேனை 1980 ஆம் ஆண்டுகளில் தனது குறிசுடுநருக்கென அமைத்த துவக்குக்கும் இந்தப் பழைய கூடுகளையே எடுத்துக்கொண்டது. 2022 ஆம் ஆண்டில் கிழக்கு உக்ரேனில், ருஷ்யச் சார்பினரால் அவசரமாகத் திரட்டப்பட்ட படையினர் சிலரின் கைகளில் மொசின் துவக்கு காணப்பட்டது. களஞ்சியத்தில் உறங்கும் ஆயுதம் எந்நேரமும் விழித்துக்கொள்ளலாம். ஆகையால் அதனைக் காப்பவர் பூட்டையும் சட்டத்தையும் மறத்தலாகாது.

பின்லாந்தில் 1940 ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட துவக்கொன்றை மரத்தினின்று கழற்றினால், வெளியே தெரியாத அடிப்புறத்தில் 1890 ஆம் ஆண்டுகளுக்குரிய ருஷ்ய ஆண்டெழுத்து இருத்தல் உண்டு. மேலே பின்லாந்துச் சேனையின் எழுத்து. பக்கத்தில் ஒருவேளை ஒஸ்ரிய முத்திரை. குழலின் நுனியில் அமெரிக்க வியாபாரியின் பெயர். மூன்று பேரரசுகள் மறைந்தபின்னும் அவை இட்ட குறிகள் அங்கே வாசிக்கக் கிடக்கின்றன. அவற்றைத் தேய்க்காமல், துரு தின்னவும் விடாமல், அடுத்து வருபவர் கையிற் சேர்ப்பதே பழுதுபார்ப்பவரின் கடமையாகும்.