காவலும் தொழிலும் : எல்லன் வில்கின்சன் பணி

நாட்டுக்காவல் என்பது படையையும் கலத்தையும் மட்டும் பற்றியதன்று. அவற்றை ஆக்குவோர் வாழ்வையும் தழுவியது. பிரித்தானிய நாடாளுமன்ற வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது எல்லன் வில்கின்சன் அம்மையாரின் (1891–1947) பணியாகும். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றின் தென்கரையில் உள்ளது ஜாரோ நகரம். அங்குச் சார்லசு மார்க் பாமர் நிறுவிய கப்பல் கட்டும் தளத்தினின்று 1852இல் ஜான் போவ்சு என்னும் நிலக்கரிக் கப்பல் நீரில் இறங்கிற்று. கிரிமியப் போருக்கெனக் கட்டப்பெற்ற டெரர் என்னும் கவச மிதவையும், 1912இல் மிதந்த குயின் மேரி என்னும் போர்க்கலமும் அத்தளத்தின் ஆக்கங்களே. 1885இல் ஜாரோ தொகுதியின் உறுப்பினராகப் பாமரே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊரின் தொழிலும் அரசியலும் ஒருவர் கையில் இருந்த காலம் அது.

1922, 1930ஆம் ஆண்டுகளின் கடற்படை உடன்படிக்கைகள் போர்க்கப்பல் தேவையைக் குறைத்தன. வணிக மந்தமும் உடன் சேர்ந்தது. கப்பல் கட்டும் முதலாளிகள் மிகையான தளங்களை வாங்கி மூடுதற்கென்றே 1930இல் ஒரு நிறுவனம் கண்டனர். 1934இல் பாமர் தளம் அதன் கைப்பட்டது. 40 ஆண்டுகள் அங்குக் கப்பல் கட்டலாகாது என்பது ஏற்பாடு. கலங்களைக் கட்டிய ஊரில், 1935இல் ஒலிம்பிக் என்னும் பெருங்கப்பல் உடைத்தற்கே வந்து சேர்ந்தது.

அவ்வாண்டே தொழிற்கட்சியின் சார்பில் வில்கின்சன் ஜாரோவின் உறுப்பினரானார். ஊரார் எஃகாலை ஒன்று வேண்டினர், அம்முயற்சி கைகூடவில்லை. 1936 அக்டோபர் 5ஆம் நாள் 200 ஆடவர் இலண்டன் நோக்கி நடந்தனர். அம்மையாரும் வழியின் பல பகுதிகளில் உடன் நடந்தார். ஊரார் 11,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை நவம்பர் 4ஆம் நாள் மன்றத்தில் வைத்தார். உடனடிப் பயன் விளையவில்லை. அரசு படைக்கலம் பெருக்கி வந்த காலமும் அதுவே என்பது நோக்கத்தக்கது. நாட்டின் தேவை வளரும் காலத்திலும் ஒரு தளத்தின் விதியை முதலாளிகளின் ஊதியக் கணக்கே வரையறுத்தது. இதனையே 1939இல் வெளிவந்த ‘கொலையுண்ட நகரம்’ என்னும் பொருள்படும் தம் நூலில் அவர் எடுத்துரைத்தார்.

1940 அக்டோபரில் உள்நாட்டுக் காப்பு அமைச்சகத்தின் நாடாளுமன்றச் செயலாளராய் அமர்ந்து, வான்தாக்குதலினின்று மக்களைக் காக்கும் புகலிடப் பணியை மேற்கொண்டார். குண்டு விழுந்த நகரங்களுக்குத் தாமே சென்று புகலிடங்களை நோக்கினார்.

ஜாரோவின் பசியும் இலண்டனின் குண்டுவீச்சும் வேறுவேறு செய்திகளாகத் தோன்றலாம். ஆயின் இரண்டிடத்தும் அவர் காக்க முயன்றது எளிய மக்களின் வாழ்வையே. தளத்தை மீட்க அவரால் இயலவில்லை. எனினும், தொழிலை இழந்த ஊரை இழப்புக்கணக்கில் எழுதிவிட்டு நாட்டுக்காவல் பேசுதல் பொருந்தாது என்பதை மன்றம் கேட்கச் செய்தார். அவர்தம் பணியின் சிறப்பு இதுவே எனலாம்.