ஒரே தீவு, இரு புனிதர், ஒரு நோய்

1873-ஆம் ஆண்டு தொழுநோயின் வரலாற்றில் இருமுறை குறிக்கப்பட வேண்டிய ஆண்டாகும். அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், நார்வே நாட்டின் பெர்கன் நகரில், அர்மாவர் ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோயாளர் ஒருவரின் தோல் முடிச்சிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கோல் வடிவான நுண்ணுயிர்கள் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. ஏறத்தாழப் பத்து வாரங்கள் கழித்து, மே 10-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலிலுள்ள மொலக்காய்த் தீவில் 33 வயதான பெல்ஜிய நாட்டுக் குரு ஒருவர் கரையிறங்கினார். அவரே தமியான். ஒருவர் நோயின் காரணத்தைத் தேடினார். மற்றவர் நோயாளரைத் தேடிச் சென்றார். ஆயினும் அவ்விருவர் வாழ்வும் ஒரே வினாவைத்தான் நம் முன் நிறுத்துகிறது: இந்நோய் ஒருவரைப் பற்றி, அருகிலிருக்கும் மற்றவரை விட்டுவிடுவது ஏன்?

இவ்வினாவுக்கு விடை தெரியாத காலத்தில் மனிதர் தாமே விடைகளைப் படைத்துக்கொண்டனர். பாவத்தின் தண்டனை என்றனர் சிலர். குலத்தின் குறை என்றனர் சிலர். ஹான்சனின் காலத்தில் கற்றறிந்த மருத்துவருள் பெரும்பாலோர் தொழுநோயைப் பரம்பரை நோய் என்றே நம்பினர். அக்கருத்தின் தூணாக நின்றவர் பெர்கனில் வாழ்ந்த தானியேல் கொர்னேலியஸ் தானியல்சன். 1847-இல் கார்ல் வில்லெம் பொயக் என்பவரோடு இணைந்து அவர் வெளியிட்ட நூல் தொழுநோயை அறிவியல் முறையில் விளக்கிய முதல் பெருநூல் எனப் போற்றப்படுகிறது. தம் கருத்தைச் சோதித்தறிய அவர் நோயாளரின் திசுவைத் தம் உடலிலேயே பலமுறை செலுத்திக்கொண்டார். நோய் அவரை அணுகவில்லை. எனவே இது தொற்றுநோய் அன்று என அவர் உறுதி கொண்டார். அத்துணிவை நாம் வியக்கலாம்; ஆனால் அம்முடிவு பிழையானது. அவர் நோயுறாமைக்குக் காரணம் நோய் தொற்றாதது என்பதன்று. அவர் உடல் அதனை எதிர்த்து வென்றது என்பதே. அந்த எதிர்ப்பாற்றலைப் பற்றி அன்று எவரும் அறிந்திலர்.

தானியல்சனின் மருமகனே ஹான்சன். மாமனாரின் கொள்கைக்கு எதிராக அவர் நுண்ணுயிரைக் கண்டார். ஆனால் அதுவே நோயின் காரணம் என மெய்ப்பிக்க இயலவில்லை. அக்கிருமியைக் கண்ணாடிக் கலங்களில் வளர்க்க அவரால் முடியவில்லை. செயற்கை ஊடகத்தில் வளர்க்க இன்றுவரை எவராலும் முடியவில்லை. பொறுமையிழந்த ஹான்சன் 1879-இல் ஒரு தவறு செய்தார். உணர்விழப்பு வகைத் தொழுநோய் கொண்டிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், முடிச்சு வகை நோயாளரிடமிருந்து எடுத்த பொருளை அவரது இசைவின்றி ஊசியால் செலுத்தினார். ஒரு வகை மற்றொன்றாக மாறுமா என அறிவதே அவர் நோக்கம். அப்பெண் முறையிட்டார். 1880-இல் நீதிமன்றம் ஹான்சனை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. பெரிய உண்மையைத் தேடுபவர்க்கும் எளியவர் உடல்மேல் உரிமையில்லை என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அந்தப் பெண்ணிடம் முடிச்சு வகை நோய் தோன்றவேயில்லை. அதன் காரணம் விளங்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

இனி மொலக்காய்க்குச் செல்வோம். ஹவாய் அரசு 1865-இல் ஒரு சட்டம் இயற்றி, தொழுநோயாளரைப் பிரித்து வைக்கத் தொடங்கியது. 1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் நோயாளர்கள் அத்தீவின் தனித்த முனையில் இறக்கிவிடப்பட்டனர். ஒருபுறம் செங்குத்தான மலைச்சுவர், மறுபுறங்களில் கடல். இங்கேதான் தமியான் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். வீடு கட்டினார், புண்களைக் கழுவிக் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். அம்மக்களோடு ஒரே கலத்தில் உண்டார். தம் புகைக்குழாயைப் பகிர்ந்தார். விலகி நின்று செய்யும் தொண்டை அவர் விரும்பவில்லை.

1884-ஆம் ஆண்டின் இறுதியில், கொதிநீரில் கால் பட்டு வெந்தபோதும் வலி தெரியாமையை அவர் உணர்ந்தார். நோய் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அதே தீவுகளில் மற்றொரு சோதனையும் நடந்தது. எதுவார்து ஆர்னிங் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மரண தண்டனை பெற்ற கேயானு என்பவரின் கையில், உயிர்ப்பிச்சைக்கு ஈடாக, தொழுநோய்த் திசுவைப் பதித்தார். சில ஆண்டுகளில் கேயானு நோயுற்றார். 1892-இல் மொலக்காயில் இறந்தார். ஆயினும் அவர் உறவினருள் ஏற்கெனவே நோயாளர் இருந்தமை தெரியவந்ததால் அச்சோதனையும் எதையும் மெய்ப்பிக்கவில்லை. ஒருவரின் உயிரை விலையாகக் கொடுத்தும் வினா வினாவாகவே நின்றது.

தமியான் 1889 ஏப்ரல் 15-ஆம் நாள் இறந்தார். அவருடைய உடல் மண்ணில் மறைந்த சில மாதங்களிலேயே அவர் பெயர்மேல் மாசு வீசப்பட்டது. தொழுநோய் மேகநோயின் முதிர்ந்த நிலையே என்று அக்காலத்தில் ஹவாய் மருத்துவருள் சிலர் கருதிவந்தனர். அக்கருத்தின் நிழலில், தமியானின் நோய் அவரது ஒழுக்கக்கேட்டின் விளைவு என்று ஹானலூலுவிலிருந்த ஹைட் என்னும் போதகர் கடிதம் எழுதினார், அது அச்சேறியது. அதற்கு 1890-இல் எழுத்தாளர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் வெளிப்படையான மறுமொழி எழுதினார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் தமியான் இறந்தபின் தாமே மொலக்காய் சென்று, அம்மக்களிடம் கேட்டறிந்து வந்தவர். பிழையான ஒரு மருத்துவக் கருத்து எவ்வாறு ஒரு மனிதரின் நற்பெயரைக் கொல்லும் கருவியாகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இங்கு நாம் மற்றொருவரைச் சந்திக்க வேண்டும். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரிலிருந்து 1883-இல் ஹவாய் வந்தவர் அன்னை மரியான் கோப் என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1888-இல் அவர் மொலக்காய்க்கு வந்து, தமியானின் இறுதி மாதங்களில் அவருக்குத் துணையானார். பின்னர் முப்பது ஆண்டுகள் அங்கேயே நோயாளப் பெண்களையும் சிறுமியரையும் பேணி, 1918-இல் தம் 80-ஆம் வயதில் இறந்தார். தொழுநோய் அவரைத் தீண்டவேயில்லை. அவரோடு பணிபுரிந்த சகோதரிகளையும் தீண்டவில்லை. 2009-இல் தமியானும் 2012-இல் மரியானும் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். ஒரே தீவு, ஒரே பணி, இருவரும் புனிதர். நோயைப் பாவத்தின் அளவுகோலாகக் கொள்வோர் இவ்விருவருக்கிடையே என்ன சொல்வர்?

அறிவியல் சொல்லும் விடை எளியது. ஆனால் மெல்ல வந்து சேர்ந்தது. தொழுநோய்க் கிருமி மிக மந்தமானது. ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரு வாரங்கள் எடுக்கும். உடலுள் புகுந்தபின் நோய்க்குறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலரில் இருபது ஆண்டுகளும் ஆகலாம். மருத்துவம் பெறாத நோயாளரோடு நெடுநாள் நெருங்கிப் பழகுவோர்க்கு மூக்கு, வாய் வழி வரும் நுண்துளிகளால் அது பரவுகிறது. எனினும் மனிதருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் இயல்பாகவே அதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றவர். மரியானின் தூய்மைப் பழக்கங்கள் அவருக்குத் துணைநின்றிருக்கலாம். அவ்வியல்பான எதிர்ப்பாற்றலும் துணைநின்றிருக்கலாம். தமியானுக்கு அது வாய்க்கவில்லை, அவ்வளவே.

நோயுற்றவரிடத்தும் ஒரே கிருமி இருவேறு முகங்களைக் காட்டுகிறது. 1966-இல் ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இரு மருத்துவர்கள் அதனை வகைப்படுத்தினர். உடலின் எதிர்ப்பு வலுவாக இருப்பின் கிருமிகள் சிலவே. உணர்விழந்த படைகளும் சிலவே. எதிர்ப்பு வலுவிழப்பின் கிருமிகள் எண்ணற்றுப் பெருகி முடிச்சுகள் தோன்றும். ஹான்சனின் ஊசி அப்பெண்ணிடம் ஏன் தோற்றது என்பது இப்போது விளங்குகிறது: நோயின் வடிவை முடிவு செய்வது கிருமி மட்டுமன்று, அதனை எதிர்கொள்ளும் உடலும் ஆகும். நரம்புகள் சிதைவதில் பெரும்பங்கு கிருமியைத் தாக்க எழும் உடலின் சினத்துக்கே உண்டு. பகைவனைத் துரத்தும் காவலனே வீட்டின் தூண்களை இடித்துவிடுகிறான். தானியல்சனும் முற்றிலும் தவறியவர் அல்லர். 2009-இல் சீன நோயாளரிடம் நடத்தப்பட்ட மரபணு ஆய்வு, எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய சில மரபணுக்கள் இந்நோய்க்கு இடங்கொடுப்பதைக் காட்டியது. நோய் பரம்பரையாக வருவதில்லை. அதற்கு இணங்கும் தன்மை ஓரளவு பரம்பரையாக வரக்கூடும்.

இனி, ஒரு சொல்லின் வரலாற்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். லேவியர் நூலின் 13, 14-ஆம் அதிகாரங்களில் நாம் 'தொழுநோய்' என வாசிக்குமிடத்து எபிரேய மூலத்தில் 'ட்சாரத்' என்னும் சொல் உள்ளது. அது தோலின் பல்வகைக் கேடுகளையும், துணியிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் பூசணத்தையும்கூடக் குறித்தது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனை 'லெப்ரா' என்றனர். கிரேக்க மருத்துவர்க்கு அச்சொல் செதிலுதிரும் தோல்நோயைக் குறித்ததேயன்றி இன்றைய தொழுநோயைக் குறிக்கவில்லை. இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்கு வந்தபோது உண்மையான தொழுநோயும் அதே 'லெப்ரா' என்னும் பெயரைப் பெற்றது. இவ்வாறு பல நோய்கள் ஒரே பெயரின் கீழ் வந்தன. பல நோயாளரும் ஒரே விலக்கின் கீழ் வந்தனர்.

செதில்படை எனத்தக்க சொரியாசிஸ் நோய் அவற்றுள் ஒன்று. 1808-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லன் அதனைத் தெளிவாக விவரித்தும், அதன் ஒரு வகைக்கு 'லெப்ரா' என்ற பெயரையே வைத்துவிட்டார். 1841-இல் வியன்னாவில் ஹெப்ரா என்னும் மருத்துவரே அப்பெயரை அந்நோயிலிருந்து விலக்கினார். இன்று நாம் அறிவது யாதெனில், சொரியாசிஸ் எவர்க்கும் தொற்றாது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோல்மீதே திரும்புவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாள்களிலேயே விளைந்து உதிர்கிறது. சிலரிடம், குறிப்பாகச் சிறுவரிடம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்த இரண்டு மூன்று வாரங்களில் உடலெங்கும் துளித்துளியாக அப்படை தோன்றுகிறது. தொண்டைக் கிருமி தூண்டுகோல் மட்டுமே. தீயை வளர்ப்பது எதிர்ப்பாற்றலே. 1979-இல், உறுப்பு மாற்றத்தில் பயன்பட்ட சைக்ளோஸ்போரின் மருந்து சொரியாசிஸைத் தணிப்பதை மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டபோது இவ்வுண்மை வலுப்பெற்றது. தோலின் நிறமியணுக்களை எதிர்ப்பாற்றலே அழிப்பதால் வரும் வெண்புள்ளிகளும் எவர்க்கும் தொற்றுவதில்லை. எனினும் நாம் அதனை 'வெண்குட்டம்' என்றே நெடுங்காலம் அழைத்தோம். கிரேக்கச் சொல் செய்த பிழையைத் தமிழ்ச் சொல்லும் செய்தது.

தொழுநோய்க்கு மருந்து வந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து முதன்முதலாகப் பயன் தந்தது. அவ்வகையைச் சார்ந்த டாப்சோனை 1940-களின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் நோயாளர்க்குக் கொடுத்துக் காட்டினார். 1955-இல் பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் பொலம்பாக்கத்தில் பணி தொடங்கினார். மருத்துவர் கிளேர் வெல்லு அவரோடு உழைத்தார். நோயாளரைச் சுவருக்குள் அடைப்பதற்கு மாறாக, ஊர்தோறும் சென்று மரநிழலில் மருந்து தந்தார்கள். தமியானின் நாட்டிலிருந்து வந்தவர்கள் தமியான் காலத்துத் தனிமைத் தீவை நம் சிற்றூர் மரத்தடியில் முடிவுக்குக் கொண்டுவந்தனர் எனலாம். 1981-இல் உலக நல்வாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அம்மருந்து உட்கொள்ளத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளரிடமிருந்து பிறர்க்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயே குணமாகிறது.

சட்டங்கள் மனிதரைவிட மெல்ல நகர்ந்தன. ஹவாயில் தனிமைச் சட்டம் 1969-இல்தான் முடிந்தது. இந்தியாவில் 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற விதிகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன. ஆனால் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத விலக்கு ஒன்று நம்மிடம் இன்னும் உள்ளது. கையில் செதில் உதிரும் ஒருவர் அமரும்போது நாம் நகர்ந்து அமர்கிறோம். வெண்புள்ளி கண்ட பெண்ணின் திருமணப் பேச்சை நாம் பாதியில் நிறுத்துகிறோம். தொழுநோய் குணமான முதியவரின் மடங்கிய விரல்களைக் கண்டு, அவரிடம் கிருமி இல்லை என்று அறிந்தும், நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறோம்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, யார் செய்த பாவம் இது எனச் சீடர்கள் கேட்டதை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் அவ்வினாவையே மறுத்தார். அறிவியல் அவ்வினாவை வேறு வழியில் மறுக்க நெடுங்காலம் ஆயிற்று. தமியான் தம் மக்களிடம் பேசும்போது, நோய் தம்மைத் தொடுமுன்னரே, தம்மையும் அவர்களோடு சேர்த்து 'நாம்' என்றே பேசினார் என்பர். கிருமியையும் எதிர்ப்பாற்றலையும் பற்றி அவர் ஏதும் அறிந்திலர். அவற்றை அறிந்த நாம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல இன்னும் தயங்குவதற்குக் காரணம் உண்டா?