கழுத்தில் ஆபரேஷனா? முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று இருக்கிறதா? உடனே பதற வேண்டாம். கழுத்துவலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் அது தெரியும். ஸ்கேனோடு உங்கள் அறிகுறிகளும் சேர்ந்துதான் ஆபரேஷனை முடிவு செய்யும்.

எப்போது காத்திருக்கலாம்?

கழுத்து எலும்புகள் 7. இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி தோளிலிருந்து விரல்வரை சுரீரென்று இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை, பிசியோதெரபியிலேயே 6 முதல் 12 வாரங்களில் இது குறைஞ்சிடும்.

எப்போது கூடாது?

சட்டை பட்டன் போடத் தடுமாறுதா? நடை தள்ளாடுதா? கையில் பலம் குறையுதா? சிறுநீரை அடக்க முடியலையா? தண்டுவடமே அழுத்தப்பட்டிருக்கலாம். ‘வலிதான் இல்லையே’ என்று தள்ளிப்போடாதீங்க. தாமதித்தால், போன பலம் முழுசா திரும்பாமலே போகலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு?

பரவலான முறையில், கழுத்தின் முன்பக்கம் வழியாக டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேல், கீழ் எலும்புகளை இணைப்பார்கள். பலரும் மறுநாளே நடப்பார்கள். விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு சில நாள்களோ வாரங்களோ இருக்கலாம். குழைவான சாதம், கஞ்சி கைகொடுக்கும். எலும்பு ஒட்ட மாதக்கணக்காகும். அதுவரை வெயிட் தூக்குவது, பைக் ஓட்டுவதெல்லாம் டாக்டர் ஓகே சொன்னால்தான். சிகரெட் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். மூச்சுத்திணறலோ கழுத்து வீக்கமோ வந்தால், உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்க: “இப்போ பண்ணலைன்னா எனக்கு என்ன ஆகும்?”