வலி அல்ல, குருத்தெலும்பே அளவுகோல்: இடுப்பு டிஸ்பிளேசியாவில் அறுவைக்கான காலம்

முன்னுரை

இடுப்பு மூட்டின் கிண்ணக்குழி ஆழமின்றிச் சரிவாக வளர்ந்து, தொடை எலும்பின் தலையைப் போதிய அளவு மூடாமல் விட்டுவிடும் குறைபாடே இடுப்பு டிஸ்பிளேசியா. கைக்குழந்தைப் பருவத்தில் கண்டறிந்தால் பாவ்லிக் பட்டை போன்ற எளிய சாதனங்களாலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போது கண்ணில் படாமல் தப்பிய மூட்டு, பதினைந்து வயதிலோ முப்பது வயதிலோ தொடை இடுக்கு வலியாகத் தலைகாட்டுகிறது. "முடிந்தவரை தாங்குங்கள்; முடியாதபோது மூட்டை மாற்றிக்கொள்ளலாம்" என்ற அறிவுரை அந்த வயதினருக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. இந்த அறிவுரை தவறு என்பதும், அறுவைக்கான காலத்தை வலியின் கடுமையைக் கொண்டல்லாமல் குருத்தெலும்பின் நிலையைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மூட்டு தேயும் விதம்

எடையைத் தாங்கும் பரப்பு சுருங்கும்போது, எஞ்சிய குருத்தெலும்பின் மீது அழுத்தம் கூடுகிறது. கிண்ணத்தின் விளிம்பில் குவியும் இந்த அழுத்தத்தால் அங்குள்ள லேப்ரம் என்னும் வளையம் முதலில் தடித்து, பிறகு கிழிகிறது. வலி எங்கே என்று கேட்டால், நோயாளிகள் பலர் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் வளைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். வலி ஓரிடத்தில் இல்லாமல் மூட்டின் உள்ளே ஆழத்தில் இருப்பதன் அடையாளம் அது. நெடுநேரம் நின்ற நாளின் மாலையில் நடை ஒருபக்கம் சாய்வதும் உண்டு.

குறைபாட்டை அளக்க வைபெர்க் 1939-இல் வகுத்த கோணம் இன்றும் பயன்படுகிறது. தொடைத் தலையின் மையத்திலிருந்து ஒரு செங்குத்துக் கோடும், கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு மற்றொரு கோடும் வரைந்தால் இடையில் அமையும் கோணம் அது. 25 பாகைக்கு மேல் இருந்தால் இயல்பு. 20-க்குக் கீழே டிஸ்பிளேசியா. இரண்டுக்கும் நடுவே எல்லைநிலை. ஒரு பக்கம் மூட்டு மாற்று செய்துகொண்டவர்களின் மறுபக்க மூட்டுகளை மர்ஃபி, கான்ஸ், முல்லர் மூவரும் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டனர். 65 வயது வரை நன்றாக இயங்கிய மூட்டு எதிலும் இந்தக் கோணம் 16 பாகைக்குக் குறைவாக இல்லை. கடுமையான டிஸ்பிளேசியாவில் காத்திருப்பது நடுநிலையான முடிவு அல்ல என்பதற்கு இதுவே சான்று.

கிண்ணத்தைத் திருப்பும் அறுவை

சால்ட்டர் 1961-இல் வெளியிட்ட இடுப்பெலும்பு வெட்டுமுறை, சிறுவர்களின் இடுப்பு வளையம் வளைந்துகொடுப்பதை நம்பியது. வளர்ந்தவர்களிடம் அந்த நெகிழ்வு இல்லை. பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 1984-இல் முதன்முதலில் செய்து 1988-இல் வெளியிட்ட முறையே இதற்கு விடையாக அமைந்தது. கிண்ணத்தைச் சுற்றி இருப்பெலும்பு, பூப்பெலும்பு, மேல் இடுப்பெலும்பு ஆகியவற்றை வெட்டி, கிண்ணத்தைத் தனித்துண்டாகப் பிரித்து, தலையை மூடும்படி திருப்பித் திருகாணிகளால் பொருத்துகிறார்கள்.

இதன் சிறப்பு வெட்டாமல் விடும் இடத்தில் இருக்கிறது. இடுப்பின் பின்தூண் முறியாததால் வளையம் அறுபடுவதில்லை. நோயாளி ஊன்றுகோலுடன் விரைவில் எழுந்து நடக்கலாம். பிறப்புப் பாதையின் வடிவமும் பெரிதாக மாறுவதில்லை. இளம்பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படும் நோயில் இது சிறிய நன்மை அல்ல. ஆனால் கிண்ணத்தின் நடுவே உள்ள முக்கதிர் வளர்ச்சிக் குருத்தெலும்பு மூடிய பிறகே இதைச் செய்யலாம். திருப்பும் அளவிலும் கவனம் தேவை. முன்பக்கத்தை மிகையாக மூடினால், தொடையை மடக்கும்போது எலும்போடு எலும்பு இடிக்கும்.

நீண்டகால முடிவுகள் சொல்வது

பெர்ன் குழுவின் முதல் 75 மூட்டுகளைப் பின்தொடர்ந்த ஸ்டெப்பாக்கரும் சகாக்களும் 2008-இல் அளித்த முடிவின்படி, 20 ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 60 சதவீத மூட்டுகள் காப்பாற்றப்பட்டிருந்தன. வயது, அறுவைக்கு முந்தைய இயக்க மதிப்பெண், முன்பக்க இடிப்புச் சோதனை, விந்திய நடை, தேய்மானத்தின் தரம், அறுவைக்குப் பின்னும் கிண்ணத்துக்கு வெளியே நிற்கும் தலையின் அளவு என ஆறு காரணிகள் மோசமான விளைவை முன்னறிவித்தன. இவற்றுள் கடைசி ஒன்றுதான் அறுவையின் செய்நேர்த்தியைச் சார்ந்தது. மற்ற ஐந்தும் நோயாளி எந்த நிலையில் வந்துசேர்ந்தார் என்பதைச் சொல்பவை.

அதே மூட்டுகளை 30 ஆண்டு வரை பின்தொடர்ந்த லெர்ச் குழுவின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில் இந்த விகிதம் சுமார் 29 சதவீதமாகக் குறைந்தது. இதை அறுவையின் தோல்வியாகக் காட்டுவோர் உண்டு. அவை ஒரு புதிய முறையைக் கற்றுத் தேர்ந்துகொண்டிருந்த காலத்து மூட்டுகள். தேய்மானம் தொடங்கியவையும் அவற்றில் இருந்தன. எனவே அந்த எண், நோயாளிகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதையே வலியுறுத்துகிறது.

மறுப்புகள்

செயற்கை மூட்டுகள் இன்று சிறந்தவை, பிறகு ஏன் இத்தனை சிரமம் என்பது முதல் மறுப்பு. அறுபது வயதுக்காரருக்கு இது பொருந்தும். இருபது வயதில் பொருத்தும் மூட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். மறு அறுவை ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினம். கிண்ணத்தைத் திருப்பியவருக்கோ, தேவைப்பட்டால் பிற்காலத்தில் மாற்று மூட்டு பொருத்தும் வழி திறந்தே இருக்கிறது.

நுண்துளை வழியே லேப்ரத்தை மட்டும் சீராக்கினால் போதாதா என்பது இரண்டாவது. மூடாத கிண்ணத்தை அப்படியே விட்டு, கிழிசலை மட்டும் சரிசெய்தால் காரணம் அங்கேயே இருக்கும். லேப்ரத்தையோ மூட்டைச் சுற்றியுள்ள உறையையோ தளர்த்திவிட்டால் மூட்டு மேலும் நிலைகுலையவும் கூடும்.

வலியே இல்லாதவருக்கும் அறுவையா என்பது மூன்றாவது. கூடாது. இது நரம்புச் சேதம், எலும்பு சேராமை போன்ற ஆபத்துகள் உள்ள பெரிய அறுவை. தேய்மானம் முற்றியவருக்கும் இது உதவாது. அவருக்கு மாற்று மூட்டே நேர்மையான வழி. வலி தொடங்கியிருக்க வேண்டும், குருத்தெலும்பு எஞ்சியிருக்க வேண்டும். இந்த இடைவெளியே அறுவைக்குரிய காலம்.

முடிவுரை

அந்த இடைவெளி பெரும்பாலும் வீணாவது நோயறிதலில்தான். நன்லியும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அறிகுறி தோன்றியதிலிருந்து நோயறியும் வரை சராசரியாக 61.5 மாதங்கள் கழிந்திருந்தன. அதற்குள் நோயாளி சராசரியாக 3.3 மருத்துவச் சேவையாளர்களைப் பார்த்திருந்தார். தேவைப்பட்டதோ முறையாக எடுத்த ஓர் இடுப்பு எக்ஸ்ரேயும், கோணத்தை அளக்கத் தெரிந்த ஒரு கண்ணும். தொடை இடுக்கு வலியோடு வரும் ஒவ்வோர் இளையவருக்கும் நின்ற நிலையில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து வைபெர்க் கோணத்தை அறிக்கையில் குறிப்பதை நடைமுறையாக்க வேண்டும். குறைபாடு தெரிந்தால், வலி மிதமாக இருக்கும்போதே மூட்டுக் காப்பு அறுவையில் தேர்ந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். வலி முற்றும்வரை காத்திருந்தால், எந்தக் குருத்தெலும்பைக் காக்க இந்த அறுவை உருவானதோ அது மிஞ்சாது.