பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள்: போட்டோ எடுக்கப் போறீங்களா? முதலில் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

சின்னாளப்பட்டியில் இருந்து விடியக் கிளம்பினால் நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காலையிலேயே காரைக்குடி போய்விடலாம். திண்டுக்கல், மதுரைப் பக்கத்து இளைஞர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு போகும் ரூட் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என எந்த ஊருக்குப் போனாலும் தெருவை அடைத்து நிற்கும் பிரம்மாண்ட வீடுகள். அதில் பல வீடுகளின் கதவில் பூட்டு.

அந்த வீடியோக்களுக்கு 'கைவிடப்பட்ட அரண்மனை' என்று தலைப்பு வைக்கிறார்கள். ஆனால், அந்த வீடுகள் உண்மையிலேயே கைவிடப்பட்டவையா? உள்ளே போகலாமா? படம் எடுத்தால் சிக்கல் வருமா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் கட்டிய வீடுகள் இவை?

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கட்டியவை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் செட்டிநாட்டில் இப்போது 73 கிராமங்களும் 2 நகரங்களும் உள்ளன. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்த பணம், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே வீடுகளாக எழுந்தது.

பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு... எல்லாமே செலவு பார்க்காமல் செய்தது. பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும்.

பிறகு ஏன் பூட்டினார்கள்?

முக்கியக் காரணம், பர்மா. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்ததும் பலரும் உயிர் தப்பி ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மிச்சம் இருந்ததும் போனது.

வருமானம் நின்றது, வீடு மட்டும் அப்படியே நின்றது. அடுத்த தலைமுறை படிப்பு, வேலை என்று சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது.

ஒரே வீட்டுக்கு இத்தனை பங்காளிகளா?

இங்கேதான் விஷயமே இருக்கு. செட்டிநாட்டு வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். அந்தப் பகுதிக்கு 'வளவு' என்று பெயர். அதைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவர் குடும்பத்துக்கு என்று ஒரு அறை. மூன்று, நான்கு தலைமுறை தாண்டினால் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் ஆகிவிடுவார்கள்.

விற்க வேண்டும் என்றாலும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் எல்லோரும் பணம் போட வேண்டும். ஒருவர் சரி என்பார், இன்னொருவர் போனையே எடுக்க மாட்டார். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். ஒழுகிய இடத்தில் உத்தரம் உளுத்துவிடும்.

ஆனாலும் கல்யாணம், முன்னோர்களுக்குச் செய்யும் 'படைப்பு' போன்ற நாட்களில் அதே வீடு திறக்கும். பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள். அதாவது, நீங்கள் பார்ப்பது கைவிட்ட வீடு அல்ல. ஆள் வரக் காத்திருக்கும் வீடு.

சட்டம் என்ன சொல்கிறது?

* பொதுத் தெருவில் நின்று வீட்டின் முகப்பைப் படம் எடுக்கலாம். கட்டடத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் காப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது.
* சுவர் ஏறிக் குதிப்பது வேறு கதை. பாரதிய நியாய சன்ஹிதா 329-வது பிரிவின் கீழ், அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்த குற்றம் உறுதியானால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். 'யாரும் இல்லையே' என்பது பதில் ஆகாது.
* ஞாபகத்துக்கு ஒரு தரைக்கல் எடுத்து வந்தாலும் அது திருட்டுதான். வீட்டுக்குள் திருடினால் 305-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை.
* ட்ரோன் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும்.

அப்படியென்றால் எப்படி எடுப்பது?

கேட்டுவிட்டு எடுப்பதுதான் ஒரே வழி. பூட்டிய வீட்டுக்கும் பெரும்பாலும் ஒரு காவல்காரர் இருப்பார். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். "ஆச்சி, இந்த வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?" என்று மரியாதையாகக் கேட்டால் பதில் கிடைக்கும். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். ஆத்தங்குடி லட்சுமி ஹவுஸ் போல கட்டணம் வாங்கி உள்ளே விடும் வீடுகளும் உண்டு. அங்கிருந்து தொடங்குவது நல்லது.

உள்ளே அனுமதி கிடைத்தால் கவனிக்க வேண்டியவை:

* மாடிப்படி, மரத்தளம் வலுவாக இருக்கிறதா என்று காவல்காரரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். பாம்பு, தேன்கூடு இருக்கலாம்.
* வளவில் வெயில், அறைக்குள் இருட்டு. எச்.டி.ஆர். ஆன் செய்யுங்கள். போனை நேராகப் பிடித்தால்தான் தூண் சாயாமல் வரும்.
* சுவரில் மாட்டிய குடும்பப் படங்களை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள்.
* மிக முக்கியம்: போன் கேமராவில் லொகேஷனை ஆஃப் செய்யுங்கள். ஆளில்லாத வீட்டில் செதுக்கிய கதவு இருக்கிறது என்று தெருப் பெயரோடு போட்டால், அது திருடனுக்கு நாமே அனுப்பும் தகவல்.

கடைசி விஷயம் சும்மா சொல்வதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் தூணும் கதவும் இப்படிப்பட்ட கடைகள் வழியாக வெளியூர் போகின்றன. பழைய தேக்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

படம் எடுப்பதால் என்ன பயன்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரமும் இப்படித்தான் பேசப்பட்டது. 1950-ல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 2010-ல் 7 லட்சம் அளவுக்குக் குறைந்தது. பாழடைந்த மாளிகைகளைப் படம் எடுக்க உலகமே அங்கே போனது. "இடிபாட்டை மட்டும் எடுக்கிறீங்க, இங்கே வாழ்ற எங்களைக் காணோமே" என்ற கோபம் அந்த ஊரில் எழுந்தது.

செட்டிநாட்டுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு 2014-லேயே சேர்ந்துவிட்டது. இறுதிப் பட்டியலுக்குப் போக வேண்டுமானால் வீடுகள் முதலில் நிற்க வேண்டும். சில குடும்பங்கள் வீட்டை ஹோட்டலாக மாற்றிக் காப்பாற்றியிருக்கின்றன. மற்றவை ஒவ்வொன்றாக இடிகின்றன.

இடிந்த பிறகு, அந்த வீட்டின் பூச்சு, தரைக்கல், முகப்பில் இருந்த கஜலட்சுமி சுதை எல்லாவற்றுக்கும் உங்கள் படம்தான் ஒரே பதிவாக இருக்கலாம். அதனால் எடுத்த தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஒரு காப்பியை வீட்டுக்காரருக்கும் அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஏதோ ஒரு பங்காளி அதைப் பார்த்துவிட்டு, 'ஓடாவது மாத்திடலாம்ப்பா' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொல்ல வாய்ப்பு இருக்கு.